பூட்டு மிட்டாய்

சர்க்கரைப் பாகும் ரகசியமும் ஒரே ரகம். கண் அசந்தால் பொங்கி அடுப்பை அணைத்துவிடும். மூத்தவள் அன்றைக்கு இரண்டையும் ஒரே அடுப்பில் ஏற்றியிருந்தாள்.

அவள் மூன்று சினிமா டிக்கெட்டுகளை எலுமிச்சை உப்பு டப்பாவுக்கு அடியில் சொருகி வைத்த இடத்தில் போன வாரம் விட்டோம். மிட்டாய்க் கடைக்கு நேர் எதிரே இருக்கும் தியேட்டர், மாலைக் காட்சி. ஒன்று அவளுக்கு, ஒன்று அப்பாவுக்கு. மூன்றாவது யாருக்கு என்று அப்பா இன்னும் கேட்கவில்லை.

மூன்றாவது தம்பிக்கு.

"மிட்டாய் கிண்ட மாட்டேன், சினிமாவுக்குக் கதை எழுதப் போறேன்" என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் வீட்டை விட்டு இறங்கியவன். இன்றைக்கு ரிலீஸாகும் படத்தின் கதை அவனுடையது. போஸ்டரில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரன் யார் என்று இந்தத் தெருவில் தெரிந்த ஒரே ஆள் மூத்தவள்தான்.

சாயங்காலம்வரை அது அப்பாவுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் தியேட்டர் பக்கமே தலை வைக்க மாட்டார். தெரியாமல் பார்த்துவிட்டாரானால் சங்கதி வேறு. அப்பா சரக்கு எடுக்கும்போது காலையில் ஒரு பேச்சு, மத்தியானம் ஒரு பேச்சு பேசுவார். ஆனால் ஒரு படத்தைப் பற்றித் தியேட்டர் வாசலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதை வாபஸ் வாங்கியதே கிடையாது. நல்ல படமென்றால் "கரைஞ்சுது" என்பார். சுமாரென்றால் "பல்லுல ஒட்டுது." மோசமென்றால் "காகிதம் மட்டும்தான் மினுக்குது."

அவர் வாயிலிருந்து "கரைஞ்சுது" விழ வேண்டும். விழுந்த கையோடு பக்கத்து நாற்காலியில் இருப்பவன் "அப்பா" என்று கூப்பிட வேண்டும். அக்காவும் தம்பியும் போனில் போட்ட திட்டம் இவ்வளவுதான்.

"என்ன பாப்பா, பதம் வந்துதா?"

அப்பா உள்ளே வந்தார். மாலைக் காட்சிக்குக் காலையிலேயே சவரம் செய்திருந்தார். கதவுக்குப் பின்னால் தேய்த்த சட்டை தொங்கியது.

"பாருங்க" என்று அவள் கரண்டியிலிருந்து ஒரு சொட்டுப் பாகைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டாள். அது இழையாக இறுகியது. அப்பா அதை எடுத்து இடது காதுக்குப் பக்கத்தில் வைத்து உடைத்தார். 'டிக்' என்றது.

"இறக்கு."

கடைக்கு வருபவர்கள் நின்று பார்த்து வியக்கிற வித்தை அது. ஏன் எப்போதும் இடது காது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. அப்பாவுக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது. பேரம் பேசிப் பிழைக்கிற தொழிலில் ஒரு காது இல்லை என்று தெரிந்தால் இருக்கிற காதிலும் பூச்சுற்றிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். அதனால் கல்லாவை வலது பக்கச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார். தியேட்டரில் வரிசையின் வலது ஓரத்து நாற்காலியைத் தவிர வேறெதிலும் உட்கார மாட்டார். "காலை நீட்டணும்" என்று காரணம் சொல்வார். உண்மை இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் தெரியும்.

சண்டை நடந்த அன்றைக்குத் தம்பி பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தான். அப்பா அடுப்பைப் பார்த்து நின்றிருந்தார். அவருடைய வலது தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "இருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா, இருந்துடறேன்" என்றான்.

அப்பா திரும்பவில்லை. பாகைக் கிண்டிக்கொண்டே இருந்தார். அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

கேட்காத காதில் கேட்டுவிட்டு, பதில் வரவில்லை என்று கோபித்துக்கொண்டு போன பிள்ளை உலகத்திலேயே இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். மறுநாள் மூத்தவள் போனில் கத்தினாள். "அந்தப் பக்கம் நின்னு சொன்னா அவருக்கு எப்படிடா கேக்கும்?"

"இந்தப் பக்கம் நின்னு சொல்லி, 'போ'ன்னுட்டாருன்னா?"

யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வேறு வாங்கிக்கொண்டான். வாங்கியவன் இப்போது அதையே படமாக்கி ஊரைக் கூட்டிக் காட்டுகிறான். அதுதான் படத்தின் கடைசிக் காட்சி.

மத்தியானம் காலைக் காட்சி விட்டது. விட்ட வேகத்தில் கூட்டாளிகள் கடையின் பின்கட்டு அறைக்குள் வந்து விழுந்தார்கள்.

பல் டாக்டரம்மா, டெய்லர், இன்டர்வெல். புதுப் படம் வந்த அன்றைக்கு இந்த மூன்று பேரும் இங்கே வந்து பேசித் தீர்க்காவிட்டால் அது வெளியான கணக்கிலேயே சேராது. டாக்டரம்மா இஞ்சி மிட்டாய். டெய்லர் புதினா மிட்டாய். இன்டர்வெல் எந்த ஜாடி திறந்திருக்கிறதோ அது. இன்டர்வெல் என்பவர் வாட்ச் ரிப்பேர் செய்பவர். கடை திறக்க வேண்டும் என்று எந்தப் படத்திலும் இடைவேளையோடு எழுந்து வந்துவிடுவார். அதனால் வந்த பெயர்.

"ஏன் டாக்டரம்மா, பல்லைப் பிடுங்கற நீங்களே இப்படி மிட்டாயை அள்ளலாமா?" என்று கேட்டார் அப்பா, வழக்கமான கேள்வி.

"இந்தக் கடை இருக்கறதாலதான் என் கிளினிக் இருக்கு, முதலாளி. நன்றிக்கடன்."

"படம் எப்படி? முடிவைச் சொல்லாமச் சொல்லுங்க. நான் சாயங்காலம் போறேன்."

முடிவைச் சொல்லக் கூடாது என்பது அந்த அறையின் சட்டம். போட்டவர் அப்பாதான். சொன்னவர் வாயில் பூட்டு மிட்டாய் விழும். நடுவில் ஒரு சோம்பு, அதைச் சுற்றிப் பாகு, அதன் மேல் பாகு என்று நாள்கணக்கில் சுழற்றி வளர்த்த, கோலிக்குண்டு பருமனுள்ள வெள்ளை மிட்டாய். கடித்தால் டாக்டரம்மாவிடம் போக வேண்டியதுதான். கரைகிறவரை பேசக் கூடாது, துப்பக் கூடாது. ஒரு முறை டெய்லர் அதை வாயில் வைத்துக்கொண்டே ஒரு கல்யாணக்காரருக்கு அளவெடுத்தார். கை சுற்றளவைக் கழுத்துக்கு எழுதிவிட்டார்.

"எனக்கு ஹீரோவோட சட்டைதான் உறுத்துச்சு" என்றார் டெய்லர். "காலர் ஒரு பக்கம் எழுந்து நிக்குது. படம் முழுக்க நான் அதையே மடிச்சு விட்டுட்டிருந்தேன், மனசுக்குள்ள."

"கதையைச் சொல்லய்யா."

"ஒரு மிட்டாய்க்காரர், முதலாளி."

அப்பாவின் முகம் மலர்ந்தது. பளிங்குப் பலகையில் கொட்டிய பாகு ஆறிக்கொண்டிருந்தது. அதை வெட்டும் சாக்கில் மூத்தவள் கதவோரத்துக்கு வந்து நின்றாள்.

"நம்ம தொழிலை எவனோ படமா எடுத்திருக்கானா? ஒழுங்கா எடுத்திருக்கானா, இல்ல ஜீராவை ஊத்திட்டு மிட்டாய்ன்றானா?"

"ஒழுங்காத்தான்" என்றாள் டாக்டரம்மா. அவளுடைய குரலில் வழக்கமான குதூகலம் இல்லை. "ரொம்ப ஒழுங்கா."

"அந்தப் பூட்டு மிட்டாயைச் சொல்லுங்க!" என்று இன்டர்வெல் துள்ளினார். "நம்ம சட்டம் அப்படியே வருது முதலாளி! முடிவு சொன்னா வாயில மிட்டாய். தியேட்டரே விசில். நான்கூட எழுந்து நின்னு, 'இது எங்க ரூல்!'னு கத்தினேன்."

அப்பாவின் மலர்ச்சி பாதியில் நின்றது. "நம்ம சட்டம் அவனுக்கு எப்படித் தெரியும்?"

அவர் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"இந்த ரூம் விஷயத்தை வெளியில யார் வித்தது?"

"என்னைப் பார்க்காதீங்க. எனக்குத் துணிதான் விக்கத் தெரியும்" என்றார் டெய்லர். "பேசிட்டே இருக்கற வாய் எதுன்னு உங்களுக்கே தெரியும்."

"என்னைச் சொல்றீங்களா? இவ்வளவு வருஷத்துல ஒரே ஒரு தடவை என் வாயில பூட்டு விழுந்திருக்கா?"

"முடிவையே பார்க்காதவன் எப்படிய்யா முடிவைச் சொல்லுவ?"

மூத்தவள் சிரிக்க முயன்றாள். டாக்டரம்மாவின் கண் தன்மேல் இருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. டெய்லருக்கும் புரிந்திருந்தது, அதனால்தான் காலரைப் பற்றி அவ்வளவு நேரம் பேசினார். கடைசிவரை உட்கார்ந்து பார்த்த இரண்டு பேரும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாதியில் எழுந்து வந்தவர்தான் ஆபத்து.

"அதை விடுங்க. இன்னொண்ணு கேளுங்க முதலாளி" என்றார் இன்டர்வெல். "அந்த மிட்டாய்க்காரனுக்கு ஒரு காது அவுட்!"

டெய்லர் அவருடைய காலை மிதித்தார். இன்டர்வெல் காலை நகர்த்தி வைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"செவிட்டுக் காது. அதை மறைக்கறதுக்கு அவன் படற பாடு இருக்கே! பாகை இந்தக் காதுகிட்டதான் உடைப்பான். தியேட்டர்ல ஓரத்து சீட்டுலதான் உட்காருவான். பெத்த பிள்ளையே அந்தக் காதுப் பக்கம் போய் நின்னுகிட்டு 'கஞ்சன்'கறான், 'கிறுக்கன்'கறான், அப்பன் ஒண்ணும் கேக்காம மிட்டாய் உருட்டிட்டிருக்கான். சிரிச்சு வயிறு புண்ணாயிடுச்சு. என்ன பிள்ளை அவன்! பெத்தவனைக் கேலி பண்ணியே பொழைக்கற நாய்..."

அப்பா அசையவில்லை. கையிலிருந்த மிட்டாய்க் காகிதத்தை மட்டும் விரல்கள் முறுக்கிக்கொண்டிருந்தன, முறுக்கிய பிறகும்.

மூத்தவளால் எதை வேண்டுமானாலும் பொறுக்க முடியும். தம்பியை நாய் என்றதைப் பொறுக்க முடியவில்லை.

"கேலி இல்லண்ணே! கடைசியில அந்தக் காதுலதான அவன் வந்து..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்து என்ன பயன்? சொட்டு தண்ணீரில் விழுந்து இறுகிவிட்டது.

இன்டர்வெல் கைதட்டினார். "முடிவு! முடிவைச் சொல்லிட்டா! பூட்டு, பூட்டு!" அப்புறம் அவருக்கே ஏதோ உறைத்தது. கைகள் அந்தரத்தில் நின்றன. "ஆமா... நீ காலையிலேருந்து அடுப்பைவிட்டு நகரவே இல்லையேம்மா. உனக்கு எப்படி..."

அப்பா எழுந்தார். அலமாரியிலிருந்து வெள்ளை ஜாடியை எடுத்தார். திருகு மூடி கிறீச்சிட்டது. ஒரு மிட்டாயை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் வந்து நின்றார்.

"வாயைத் திற."

திறந்தாள். வைத்தார். அவள் அவருடைய கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குத் தெரிந்துவிட்டது. ஊரே தன் காதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது என்பதும், அதைக் காட்டியவன் யார் என்பதும்.

அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். சட்டம் போட்ட நாளிலிருந்து அவர் கேட்டிராத ஒன்றைக் கேட்டார்.

"கடைசியில அந்தக் காதுல அவன் என்ன சொல்றான்?"

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

டாக்டரம்மா மெதுவாக ஜாடியை இழுத்தாள். ஒரு பூட்டு மிட்டாயை எடுத்துத் தன் வாயில் தானே போட்டுக்கொண்டாள். ஜாடியை டெய்லரிடம் தள்ளினாள். டெய்லர் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டார். இரண்டு பேரும் கைகட்டி உட்கார்ந்தார்கள்.

அப்பா இன்டர்வெல்லைப் பார்த்தார்.

"எனக்கு சத்தியமாத் தெரியாது முதலாளி. நான் இன்டர்வெல்ல வந்துட்டேன்" என்றார் அவர், அழாத குறையாக. கொஞ்சம் யோசித்து, அவரும் ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவருக்கு அது முதல் பூட்டு.

கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது.

அப்பா உள்ளறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மூத்தவள் மிட்டாய்களைக் காகிதத்தில் சுற்றத் தொடங்கினாள். வாயில் இருந்தது கரைவேனா என்றது. பேச முடிந்திருந்தால் கெஞ்சியிருப்பாள், பொய்கூடச் சொல்லியிருப்பாள். துப்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த வீட்டில் பிறந்த யாரும் மிட்டாயைத் துப்பியதில்லை.

"அன்னிக்கு வலது தோள்ல சூடா மூச்சு பட்டுது" என்றார் அப்பா, கதவுக்குப் பின்னால் தொங்கிய சட்டையைப் பார்த்துக்கொண்டு. "அடுப்பு அனல்னு நினைச்சேன். திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்ல. நீ மட்டும் அழுதுட்டிருந்தே."

அவள் கைகள் நின்றன.

"அவன் வந்து நின்னானா?"

அவள் தலையை அசைப்பதற்குள் போன் அடித்தது. தம்பி. மேஜைமேல் போன் அதிர்ந்து அதிர்ந்து மிட்டாய்க் குவியலை நோக்கி நகர்ந்தது. அவளால் பேச முடியாது என்பது அவனுக்குத் தெரியாது. எடுக்காவிட்டால் திட்டம் கவிழ்ந்தது என்று நினைத்து, வந்த வழியே திரும்பப் பஸ் ஏறிவிடுவான். அவன் சுபாவம் அது.

அப்பா எழுந்து வந்தார். போனை எடுத்து, பொத்தானை அமுக்கினார்.

வலது காதில் வைத்துக்கொண்டார்.

மூத்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் எந்தக் காலத்திலும் அந்தக் காதில் போனை வைத்ததில்லை. கைதவறி வைக்கிற ஆள் இல்லை அவர். போனிலிருந்து தம்பியின் குரல் எறும்பு ஊர்வதுபோல அவளுக்குக் கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. அவன் அக்காவிடம் பேசுவதாக நினைத்து என்னென்னவோ கேட்டுக்கொண்டிருந்தான். அப்பா ஜன்னலைப் பார்த்தபடி, அவன் முடிக்கிறவரை அப்படியே நின்றார். அப்புறம் போனை வைத்துவிட்டார்.

"யாரோ. ஒண்ணும் கேக்கல."

அதன் பிறகு தம்பி போனை அணைத்துவிட்டான். மிட்டாய் கரைந்து, நடுவிலிருந்த சோம்பு பல்லில் பட்டபோது வெயில் தாழ்ந்திருந்தது. அவள் வாயைத் திறந்தாள்.

"அப்பா, அவன் அன்னிக்கு உங்ககிட்ட..."

"சொல்லாதே."

"இல்லப்பா, அது..."

"முடிவு சொல்லக் கூடாது" என்றார். எழுந்துபோய்த் தேய்த்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

தியேட்டரில் அவர்களுடைய வரிசை பழைய இரும்பு வரிசை. நாற்காலிகள் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒரு முனையில் ஆள் உட்கார்ந்தால் மறுமுனைவரை ஆடும். அப்பா டிக்கெட்டையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். ஓரத்து நாற்காலி அவருக்கு இல்லை. அதற்கு உள்ளே இருந்தது அவருடையது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு வலது பக்கத்தில் ஒரு நாற்காலி.

"அந்தப் பக்கம்தான் வேணும்க்கா" என்று தம்பி கேட்டு வாங்கிய இடம்.

அவர் அதிலேயே உட்கார்ந்தார். மூத்தவள் அவருக்கு இடது பக்கம். வலது பக்கம் காலி. இரண்டு வரிசை முன்னால் இன்டர்வெல் உட்கார்ந்திருந்தார், கையில் ஒரு பொட்டலத்தோடு. இன்றைக்குக் கடைசிவரை பார்த்தே தீருவது என்று வந்திருக்கிறார். அவர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விளக்குகள் அணைந்தன. காலி நாற்காலி காலியாகவே இருந்தது. விளம்பரங்கள் ஓடின. மூத்தவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஏறிவிட்டான். ஏறியே இருப்பான்.

திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கியபோது வரிசை ஆடியது.

இருட்டில் அவன் வந்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். கைகளைத் தொடைகளுக்கு நடுவில் சொருகிக்கொண்டு, அப்பாவின் வலது காதைப் பார்த்தான். உதடுகள் அசைந்தன. சத்தம் வந்ததோ இல்லையோ, வந்தாலும் அந்தக் காது அவனுக்குப் பாதுகாப்பு.

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எழுந்திரு" என்றார்.

அவன் சொருகியிருந்த கைகளை உருவினான். எழுந்தான். அவரும் எழுந்தார். போகப் போகிறார், அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று மூத்தவள் சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"நான் ஓரத்துல உட்காரணும். நீ இப்படி உள்ள வா." பாதிக் காதுக்காரர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது, இரண்டு வரிசைக்கும் கேட்டது. "அந்தக் காது எனக்குக் கேக்காது."

முன்வரிசையில் தலைகள் திரும்பின. இத்தனை வருஷமாகக் கல்லாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டு மறைத்ததை, அப்பா தன் வாயாலேயே தியேட்டர் நடுவில் போட்டு உடைத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை. இன்டர்வெல் மட்டும் மூக்கை உறிஞ்சினார்.

தம்பி உள்ளே நகர்ந்தான். அப்பாவின் இடது பக்கம், கேட்கிற காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் வாயைத் திறந்தான், மூன்று வருஷத்தையும் ஒரே மூச்சில் கொட்டப்போகிறவன்போல.

அதற்குள் அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு பூட்டு மிட்டாயை எடுத்து அவன் வாயில் வைத்துவிட்டார்.

"பேசக் கூடாது. நான் படம் பார்க்கணும்."

திரையில் ஒரு மிட்டாய்க்காரன் பாகு இழையைக் காதருகே உடைத்தான். தியேட்டர் முழுக்க 'டிக்' என்றது. அப்பாவின் கை, தானாக, பையனுடைய மணிக்கட்டின்மேல் விழுந்து அதை நாற்காலிக் கையோடு சேர்த்து அழுத்தியது.

"எழுந்து ஓடிடாதே" என்றார், திரையைப் பார்த்தபடியே. "படம் முடியற வரைக்கும் இரு."

தம்பி மெதுவாகத் திரும்பி அக்காவைப் பார்த்தான். கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. கண்ணிலிருந்து வழிந்தது அந்த உப்பலின்மேல் உருண்டு இறங்கியது. வாயைத் திறக்க வழியில்லை.

தான் சொன்ன 'இரு' எப்பேர்ப்பட்ட வார்த்தை என்று அப்பாவுக்கு இன்னும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள அவருக்குக் கடைசிக் காட்சி வர வேண்டும். அதற்கு முன்னால் ஊரே சிரித்த அந்தக் 'கஞ்சன், கிறுக்கன்' காட்சி வரும். இன்றைக்கு அது கேட்கிற காதில் விழும்.

மூத்தவள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தியேட்டரில் திரையைப் பார்க்காத ஒரே ஆளாக.